கிரேஸி தைத்துத் தங்கிய ஊர்கள்

கிரேஸிக்கு ஊர் பார்க்கும் ஆசை கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால் அப்படி ஆசைப்பட ஒரு முகாந்திரமும் இருக்கவில்லை. 1989இல் அவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை ரெனால்ட், ஆம்பூர் ரயில் நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேன். வருஷத்துக்கு ஒரு தடவை மனைவியோடு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய் வர ரயில்வே அவனுக்கு இலவசப் பாஸ் கொடுக்கும். அந்தப் பாஸை அவன் ஒரு வருஷம்கூட எழுதி வாங்கியதில்லை என்று தெரிய வந்தபோது, கிரேஸி ஒரு நாள் முழுக்க அவனோடு பேசாமல் இருந்தாள்.

ரெனால்ட் பக்கமும் நியாயம் இருந்தது. வேலை நேரமெல்லாம் கொடி காட்டி, தண்டவாளம் மாற்றி, வண்டி வண்டியாக வழியனுப்பிவிட்டு வருகிறவனுக்கு லீவிலும் ரயிலில் ஏறி உட்காரப் பிடிக்கவில்லை. ஆனால் அது சின்னக் காரணம். பெரிய காரணம், இறங்கிய பிறகு எங்கே தங்குவது என்பது. இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் வாணியம்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் நடுவிலேயே அடங்கிவிட்டார்கள்.

"சொந்தம் இருக்கற ஊருக்கெல்லாம் டவுன் பஸ்ஸே போவுது" என்பான். "சொந்தம் இல்லாத ஊர்ல லாட்ஜுக்காரன் பாஸ வாங்கிக்கினு ரூம் குடுப்பானா?"

அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி ஊர் பேசிப் பேசி ஓய்ந்துவிட்ட பிறகு வீட்டில் நிறைய அமைதி மிஞ்சியது. வருஷங்கள் போயின. பாஸ்களும் போயின.

கிரேஸி ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். ஷூவின் மேல்பாகத்துக்கான தோல் துண்டுகளை மிஷினில் இணைத்துத் தைக்கிற வேலை. 1987இல் சேர்ந்தவள், வேகத்திலும் சுத்தத்திலும் பேர் எடுத்திருந்தாள். தோலில் தப்பாக ஒரு தையல் போட்டால் பிரித்துத் திரும்பத் தைக்க முடியாது. விழுந்த ஓட்டை விழுந்ததுதான், அந்தத் துண்டையே தூக்கிப் போட வேண்டும். அதனால் அவள் எதையும் ஒரே தடவையில் செய்து முடிக்கப் பழகியிருந்தாள்.

1998 ஜனவரியில் அப்படிப்பட்டவளின் ஆள்காட்டி விரலிலேயே ஊசி இறங்கிவிட்டது. ஊர் ஆஸ்பத்திரியில் முறிந்த ஊசியை எடுத்துக் கட்டுப் போட்ட நர்ஸின் பெயர் ஜெனிஃபா. நாகர்கோவில் பக்கத்துப் பெண். வலி தெரியாமல் இருக்கட்டும் என்று அந்தப் பெண் பேச்சுக் கொடுக்க, கிரேஸி விரலைக் காட்டிக்கொண்டே கடலைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். மூன்றாம் முறை கட்டு மாற்றப் போனபோது விஷயம் வெளியே வந்தது. ஜெனிஃபாவின் சித்தி தங்கபாய், கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மிஷன் விடுதிக்கு மேட்ரன். விடுதித் தையற்காரன் துபாய்க்குப் போய்விட்டான். கிழிந்த படுக்கை விரிப்புகள் குவிந்து கிடக்கின்றன. சாப்பாட்டு ஹாலுக்குப் புதுத் திரை தைக்கத் துணி வாங்கி வைத்து ஆறு மாதமாகிறது.

"நீங்க போயி தச்சுக் குடுங்கக்கா. ரூமும் சாப்பாடும் சித்தி தருவாங்க. காசு வாங்கவும் மாட்டாங்க, குடுக்கவும் மாட்டாங்க."

கிரேஸி கட்டுப் போட்ட விரலோடு நேராக ரயில் நிலையத்துக்கு நடந்தாள்.

ரெனால்ட் உடனே மறுக்கவில்லை. அவனுடைய பெரிய காரணம் அடிபட்டுவிட்டதல்லவா. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனையோடு வந்தான்.

"ஒரே ஒரு தடவ. நீ லீவு போட்டுட்டு அங்க போயும் மிஷின்லயே உக்காருவ, நான் சம்பளம் இல்லாத வேலைக்காரனாட்டம் பின்னாடி நிப்பேன். எவனாச்சும் ஒரு வார்த்த மரியாத இல்லாம பேசினா, அதோட முடிஞ்சிது. அப்புறம் பாஸ் பேச்ச எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்" என்றாள் கிரேஸி. இந்த ஒரு பயணம் கெட்டால் இனி எந்தப் பயணமும் இல்லை என்பது அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

சீசன் ஆர்டர் முடிந்து மே மாதக் கடைசியில் கம்பெனியை இரண்டு வாரத்துக்கு மூடினார்கள். கிளம்புவதற்கு முன்னால் ஸ்டோர் பொறுப்பில் இருந்த ஷபீ அஹமது ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். சாம்பிள் தைக்கிற அறையில் கரண்ட் இல்லாத நேரத்துக்கென்று ஒரு கால் மிஷின் உண்டு. அதற்கு வாங்கிய ஊசிகள். விடுதியிலும் கால் மிஷின்தான் என்று கேள்விப்பட்டு எடுத்து வந்திருந்தார்.

"கடல்கரையில ஊசியெல்லாம் துரு புடிச்சிருக்கும் கிரேஸிம்மா. ஊசி இல்லன்னு வேல நின்னா பேஜாரு. நம்ம கம்பெனி சரக்கு, நம்பிப் போடலாம்."

ஜோலார்பேட்டையில், கேரளம் வழியாகக் கன்னியாகுமரி போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸைப் பிடித்தார்கள். வழி நெடுக ரெனால்ட் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு நிலையத்திலும் கொடி காட்டுகிறவன் சரியாகப் பிடித்திருக்கிறானா என்று பார்த்துக்கொண்டே வந்தான். கேரளத்துக்காரர்கள் பரவாயில்லை என்று சொன்னான்.

தங்கபாய் அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். தடித்த கண்ணாடி, வெள்ளைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து. "வந்துட்டியளா, வாங்க மக்கா" என்றவர், காப்பி குடித்து முடிப்பதற்குள் கிழிந்த விரிப்புகளின் மூட்டையைக் காட்டிவிட்டார். கொடுத்த அறை சின்னது, ஆனால் ஜன்னலைத் திறந்தால் கடல். கிரேஸி அதைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றாள். ரெனால்ட் எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணி ஜாஸ்திதான் என்றான்.

மறுநாள் காலையில் அவன் கண் சிவந்திருந்தது. அலைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லையாம்.

"குட்ஸ் வண்டி போறாப்பலயே இருக்குது. கடைசிப் பெட்டி போனா தூங்கலாம்னு பாத்தா, கடைசிப் பெட்டியே வரல."

கிரேஸிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். நிபந்தனை நினைவில் இருந்தது.

வேலை அவள் பயந்த மாதிரி இல்லை. காலையில் நாலு மணி நேரம் தைப்பாள். மதியச் சாப்பாட்டில் தினமும் மீன். பிறகு பொழுது அவர்களுடையது. பாறைமேல் உட்கார்வார்கள், கட்டுமரங்கள் கரை ஏறுவதைப் பார்ப்பார்கள். ரெனால்ட் முதல் இரண்டு நாள் யாராவது தன்னை வேலை ஏவுவார்கள் என்று விறைப்பாகவே இருந்தான். யாரும் ஏவவில்லை. விடுதிச் சமையற்காரர் அவனை "சார்" என்றார். மூன்றாம் நாள் அவனாகவே எண்ணெய்க் கிண்ணத்தோடு துருப்பிடித்த கதவுக் கீல்களைத் தேடிப் போய்க்கொண்டிருந்தான். ஏன் என்று கிரேஸி கேட்டதற்கு, சத்தம் தாங்கவில்லை, வேறொன்றுமில்லை என்றான்.

விரிப்புகள் முடிகிற நேரத்தில் மிஷினில் இருந்த பழைய ஊசி முறிந்தது. கிரேஸி ஷபீ அஹமதின் பொட்டலத்தைப் பிரித்தாள். புது ஊசி போடும்போது முனையை நகத்தின் மேல் லேசாக இழுத்துப் பார்ப்பது தையல் பிரிவில் எல்லாருக்கும் உள்ள பழக்கம். இழுத்தாள். நகத்தில் கோடு விழுந்தது. நல்ல கூர் என்று திருப்தியோடு மாட்டினாள். சாப்பாட்டு ஹாலின் திரைகள் முழுவதையும் அந்த ஊசியில்தான் தைத்தாள். மெல்லிய பருத்தித் துணி, வெளிர் நீலம். கம்பி நுழைய மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு. மடிப்பு படிய வேண்டும் என்று கம்பெனி வழக்கப்படி சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி மடித்ததைப் பார்த்து, துணியை அடித்துத் தைக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தங்கபாய் அம்மாள் சிரித்தார்.

திரைகளை மாட்டியது ஒரு வியாழக்கிழமை. ஹாலே மாறிவிட்டது. மார்த்தாண்டத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு போதகர், கடலைப் பிடித்து ஜன்னலில் தொங்கவிட்டது போல் இருக்கிறது என்றார். இன்னும் இரண்டு நாள் மிச்சம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கன்னியாகுமரியில் சூரியன் எழுவதைப் பார்ப்பது, பிறகு படகில் பாறைக்குப் போவது, சனிக்கிழமை ரயில் ஏறுவது என்று கிரேஸி திட்டம் போட்டு வைத்திருந்தாள்.

வியாழன் மாலை மழைக்காற்று கிளம்பியது. அந்தக் கரையில் ஜூன் நெருங்கினால் கிளம்புகிற காற்றுதான். ஹாலில் எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். திரைகள் முதலில் கப்பல் பாய் போல உப்பின. பிறகு போதகருக்குப் பின்னால் இருந்த திரை, மேல் மடிப்பைக் கம்பியிலேயே விட்டுவிட்டு, சத்தமில்லாமல் கழன்று அவர் தலையோடு மூடியது. அவர் காப்பியைக் கொட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதற்குள் அடுத்ததும் போனது. அதற்கடுத்ததும்.

தங்கபாய் அம்மாள் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். தையல் பிரியவில்லை. தையலை ஒட்டித் துணிதான் கிழிந்திருந்தது, தபால் தலை கிழிகிற மாதிரி நேராக. உளுத்துப்போன துணியைத் தலையில் கட்டிவிட்டான் என்று நாகர்கோவில் ஜவுளிக்கடைக்காரனை ஏச ஆரம்பித்தார். நாளைக்கே எல்லாவற்றையும் கட்டி எடுத்துப்போய் அவன் முகத்தில் வீசப் போவதாகச் சொன்னார்.

கிரேஸி கிழிசலை விரலால் தடவிப் பார்த்தாள். போய் மிஷினிலிருந்து ஊசியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முனை உருண்டையாக இல்லை. குட்டி உளி மாதிரி பட்டையாகத் தீட்டியிருந்தது. தோல் ஊசி. தோல் கெட்டி, அதை வெட்டித்தான் நூல் போக வழி செய்ய வேண்டும். துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போனால் போதும். நகத்தில் கோடு விழுந்த அந்த நிமிஷமே துணிக்கு ஆகாது என்று எந்தத் தையற்காரியும் தூக்கி வைத்திருப்பாள். கிரேஸிக்கோ பதினோரு வருஷமாக ஊசி என்றால் அதுதான். ஒவ்வொரு தையலுக்கும் இழைகளை அவளே வெட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

ரெனால்ட் பக்கத்தில் வந்து நின்றான். அவனிடம் ஊசியைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். கடைக்காரன் மேல் பழி போய்விட்டது. பேசாமல் இருந்தால் வெள்ளிக்கிழமை சூரியனும் உண்டு, நிபந்தனையும் உடையாது. சொன்னால் இரண்டும் போய்விடும். இது அவனுக்கும் தெரியும். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கிரேஸி ஹாலுக்குப் போய், துணி நல்ல துணிதான், ஊசிதான் தப்பு, தப்பு தன்னுடையது என்று சொன்னாள்.

தங்கபாய் அம்மாளுக்குப் பத்து மாதக் காத்திருப்பும் அன்றைய அவமானமும் சேர்ந்து வாய்க்கு வந்தன.

"செருப்பு தைக்கிறவள விட்டு ஸ்க்ரீன் தைக்கச் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்."

கிரேஸி தரையைப் பார்த்தாள். முடிந்தது என்று நினைத்தாள். பெட்டி கட்டச் சொல்லி ரெனால்டின் குரல் வரும் என்று காத்திருந்தாள்.

"செருப்பு இல்லம்மா, ஷூ" என்றான் ரெனால்ட். குரல் உயரவே இல்லை. "அவ தைக்கறது ஜெர்மனிக்குப் போவுது. பதினோரு வருஷத்துல ஒண்ணுகூடப் பிரிஞ்சி திரும்பி வந்ததில்ல. இது ஊசி மாறிப்போச்சி, அவளே வந்து ஒத்துக்கினா. தச்சிக் குடுத்துட்டுத்தான் போவோம்."

போவோம் என்று தன்னையும் சேர்த்து அவன் சொன்னதைக் கிரேஸி கவனித்தாள். தங்கபாய் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் ரெனால்ட் மட்டும் கன்னியாகுமரிக்குப் போனான். போன இடம் ரயில் நிலையம். அங்கே பணியில் இருந்த பாயிண்ட்ஸ்மேனிடம் தன்னை இன்னார் என்று சொல்லி, ரயில்வே போனில் ஆம்பூரைப் பிடித்து, இன்னும் மூன்று நாள் லீவு வேண்டும் என்று கேட்டான். கேட்டுப் பழக்கமில்லாதவன் கேட்டதால் உடல்நிலை சரியில்லையா என்று மறுமுனையில் விசாரித்தார்களாம். பிறகு நாகர்கோவில் போய்த் துணி ஊசி வாங்கினான். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு ஊசியையும் நகத்தில் இழுத்து, கோடு விழாததை மட்டும் வாங்கி வந்தான்.

அவன் திரும்பியபோது கிரேஸி கிழிந்த விளிம்புகளை நேராக வெட்டி வைத்திருந்தாள். துணி குட்டையாகிவிட்டது. அதற்கு ஒரு வழி அவளுக்குத் தெரிந்திருந்தது. ஷூவின் வாய் ஓரத்துக்குப் பட்டை வைத்துத் தைப்பது போல, பழைய வெள்ளை விரிப்புகளைக் கிழித்துத் திரைகளின் மேலும் கீழும் அகலப் பட்டை வைத்தாள். மதியம் தங்கபாய் அம்மாள் ஒரு நாற்காலியை மிஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முந்தின நாள் பேச்சை அவர் எடுக்கவில்லை. பழைய நூல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொடுத்துக்கொண்டே, ஜெர்மனிக்காரன் கால் எவ்வளவு பெரிசு இருக்கும் பிள்ளே என்று கேட்டார். கிரேஸி கையை விரித்துக் காட்டினாள். ஏசுவே என்றார் அம்மாள். சாயங்காலம் ரெனால்டுக்கு மட்டும் பொரித்த மீன் இரண்டு துண்டு அதிகம் வந்தது. அவன் ரோஷத்துக்கு ஒன்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஒன்றைச் சாப்பிட்டான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து திரைகளை மாட்டினார்கள். காற்று வரும்வரை யாரும் ஹாலை விட்டுப் போகவில்லை. போதகர் அதே நாற்காலியில் உட்கார்ந்து, காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டார். காற்று வந்தது. நீலமும் வெள்ளையுமாகத் திரைகள் உப்பின, அடங்கின, மறுபடி உப்பின. ஒன்றும் கழலவில்லை. போதகர் காப்பியைக் குடித்தார்.

"அடுத்த வருசம் மெத்தை உறை எல்லாம் மாத்தணும்" என்று தங்கபாய் அம்மாள் பொதுவாகச் சொன்னார், யாரையும் பார்க்காமல்.

கிரேஸி வாயைத் திறக்கவில்லை. பாஸ் பேச்சை எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

"எந்த மாசம்னு சொல்லுங்க" என்றான் ரெனால்ட். "பாஸ் முன்னாடியே எழுதிப் போடணும்." பிறகு கிரேஸியின் பக்கம் திரும்பி, "அந்தக் கடைசிப் பெட்டி இன்னும் வரலியே" என்றான்.

சூரியன் எழுவதை மறுநாள் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினார்கள். மேகம் மூடியிருந்தது. பார்த்ததாகத்தான் கிரேஸி சொல்வாள்.

அதற்குப் பிறகு பாஸ் வீணாகவில்லை. 1999இல் அதே விடுதி, மெத்தை உறைகள். அங்கே தங்கியவர்கள் சொல்லிச் சொல்லி மற்ற இடங்களிலிருந்தும் அழைப்பு வந்தது. 2000இல் தரங்கம்பாடி, அங்கே ஒரு பள்ளி விடுதிக்குக் கொசுவலைகள். 2001இல் திருச்சூரில் ஒரு முதியோர் இல்லம், தலையணை உறைகள். ஊசிப் பெட்டி ரெனால்டின் பொறுப்பாகிவிட்டது. கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் நகத்தில் இழுத்துப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். தோல் ஊசி ஒன்றுகூட வீட்டை விட்டு வெளியே வர விடமாட்டான்.

2003இல் குன்னூர். மலை ரயிலில் போனார்கள். போர்வைகளுக்கு ஓரம் தைத்து முடித்ததும் விடுதிப் பொறுப்பாளர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்டார். வெள்ளைக்காரர் காலத்துத் தோல் நாற்காலிகள் பத்துப் பதினைந்து கிழிந்து கிடக்கின்றன. ஆம்பூரிலிருந்து ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டதும் முதலில் அவற்றைத்தான் நினைத்தாராம். கிரேஸிக்குக் கை துறுதுறுத்தது. பதினாறு வருஷம் கற்ற வேலையை ஒரு விடுதியில் முதல் தடவையாகக் கேட்கிறார்கள். ஊசிக்காகக் கை நீட்டினாள். ரெனால்ட் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் துணி ஊசி என்றான்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஷபீ அஹமதைக் கூப்பிட்டார்கள்.

"அன்னிக்கி தோல் ஊசி குடுத்தேன்னு அஞ்சு வருஷமா திட்றீங்க" என்றார் அவர். "இன்னிக்கி தோல் ஊசி இல்லன்றீங்க. உங்க ரெண்டு பேருக்கும் இன்னாதான் வேணும் தோஸ்த்?" தபாலில் அனுப்புவதாகவும், வந்து சேர நாலைந்து நாளாகும் என்றும் சொன்னார். அதுவரை தங்குங்கள், தாராளமாகத் தங்குங்கள் என்று பொறுப்பாளர் கையைப் பிடித்துக்கொண்டார்.

விடுதிக்குத் திரும்பும் வழியில் கிரேஸிக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆம்பூரில் கிளம்பும்போது, குன்னூரில் பழைய நாற்காலிகள் இருப்பதாக யாரோ சொன்னார்கள் என்று ரெனால்ட் ஏதோ பேச்சுவாக்கில் சொன்ன ஞாபகம்.

"வேணும்னேதான் தோல் ஊசிய வச்சிட்டு வந்தீங்களா?"

"பாஸ்ல இன்னும் தேதி இருக்குது" என்றான் ரெனால்ட்.

கீழே ஸ்டேஷனில் மலை ரயில் ஊதியது. மறுநாளும் அதற்கு மறுநாளும் காலைச் சிற்றுண்டி முடிந்ததும் அவன் அங்கேதான் போனான். அந்த ஊர்ப் பாயிண்ட்ஸ்மேனோடு பெஞ்சில் உட்கார்ந்து, வண்டி மேலே ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிரேஸி அவனுக்குப் பக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசி ஐந்தாம் நாள் வந்தது. சீக்கிரம் வந்துவிட்டதாக இருவருக்கும் தோன்றியது.